9,000 டாலர் தள்ளுபடியும் 4,300 மைலும்: டெமோ லைட்னிங் டிரக்கைக் குத்தகைக்கு எடுத்த அனுபவம்

2024 நவம்பர் 29, தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, மிச்சிகனில் டெட்ராய்ட்டுக்கு மேற்கே உள்ள ஒரு டீலரிடம் 2024 மாடல் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் ஃபிளாஷ் மின்சார டிரக்கை 36 மாதக் குத்தகையில் எடுத்தேன். ஓடோமீட்டரில் அப்போதே 4,300 மைல் இருந்தது. விற்பனையகத்தின் ஊழியர்கள் ஆறு மாதமாக ஓட்டியதும், வாங்க வந்தவர்கள் ஓட்டிப் பார்த்ததுமான டெமோ வண்டி அது. ஸ்டிக்கர் விலை, அதாவது தயாரிப்பாளர் வண்டியில் ஒட்டிய பட்டியல் விலை, 71,590 டாலர்; ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விற்பனை விலை 62,590 டாலர். இந்த 9,000 டாலர் தள்ளுபடியைக் கேட்ட நண்பர்கள் எல்லோரும் வியந்தார்கள். ஆனால் அதில் ஏறத்தாழ 2,500 டாலர் தள்ளுபடியே அன்று. வண்டியில் ஏற்கெனவே செலவாகிவிட்டவற்றுக்கான ஈடு. முதலில் விற்பனையகம் காட்டிய 3,000 டாலர் தள்ளுபடியை அப்படியே ஏற்றிருந்தால் எனக்கு உண்மையில் மிஞ்சியிருக்கக்கூடியது வெறும் 500 டாலர். டெமோ மின்சார வண்டியைக் குத்தகைக்கு எடுக்க நினைப்பவர்கள் அந்த 2,500 டாலர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பேரத்துக்கு உட்கார வேண்டும் என்று விரும்புவதால், பதினான்கு மாதம் ஓட்டியபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த டிரக்கின் விலை வரலாறு அமைதியானது அன்று. 2022 ஏப்ரலில் டியர்பார்னில் உள்ள ரூஜ் ஆலையில் உற்பத்தி தொடங்கியபோது அடிப்படை மாடலின் விலை 39,974 டாலர். 2023 மார்ச்சில் அதே மாடல் 59,974 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு ஜூலையில் 49,995 டாலருக்கு இறங்கியது. புதிய வண்டியின் விலையே இப்படி ஏறி இறங்கும்போது, மூன்று ஆண்டு ஓடிய வண்டி என்ன விலைக்குப் போகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. குத்தகையில் அந்த நிச்சயமின்மையை நிதி நிறுவனம் சுமக்கிறது. மூன்றாண்டு முடிவில் வண்டியின் மதிப்பு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இன்னொரு காரணம் அப்போதைய வரிச் சலுகை. மின்சார வண்டியைக் குத்தகைக்கு விடும் நிதி நிறுவனத்துக்கு, வணிக வாகனத்துக்கான கூட்டாட்சி வரிச் சலுகையாக 7,500 டாலர் கிடைத்தது. அதை வாடிக்கையாளருக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் பல நிறுவனங்கள் முழுவதையும் குத்தகைத் தொகையில் கழித்துக் கொடுத்தன, எனக்கும் கழித்தார்கள்.

தேவையும் உண்மையானதுதான். வீட்டின் பின்னால் மரவேலைக் கொட்டகை ஒன்று வைத்திருக்கிறேன். பலகைகளும் கருவிகளும் ஏற்றிவர டிரக் வேண்டும், அன்றாடம் அலுவலகம் போய்வர 38 மைல் ஓட வேண்டும்.

நவம்பர் முதல் வாரத்தில் அந்த விற்பனையகத்துக்கு முதன்முறை போனபோது எனக்கு ஒரே ஒரு தாளை நீட்டினார்கள். அதன் மேல் பகுதியில் தடித்த எழுத்தில் "மொத்தச் சேமிப்பு 10,500 டாலர்" என்றும், கீழே மாதத் தவணை 980 டாலர் என்றும் இருந்தது. நடுவில் விளக்கம் எதுவும் இல்லை. அந்த 10,500 டாலரைப் பிரித்துக் காட்டுமாறு கேட்டதும், 7,500 டாலர் கூட்டாட்சிச் சலுகை, 3,000 டாலர்தான் தங்கள் தள்ளுபடி என்று விற்பனையாளர் சொன்னார். அரசு தரும் பணத்தை விற்பனையகத்தின் கொடைபோல ஒரே வரியில் சேர்த்துக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. இன்றும் அது முறையன்று என்றே கருதுகிறேன். அந்தத் தாளிலேயே வண்ணப் பூச்சுக் காப்பு, டயரில் நைட்ரஜன் ஆகியவை சேர்ந்த 1,295 டாலர் "பாதுகாப்புத் தொகுப்பு" ஒன்றும் தனி வரியாக இருந்தது. ஆறு மாதம் ஓடிய வண்டிக்கு அது தேவையில்லை என்றேன், மறுப்பில்லாமல் நீக்கினார்கள். கேட்டவுடன் நீங்கும் கட்டணம் கேளாதவர்களிடம் வசூலாகிறது என்பதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குத்தகைத் தவணை எப்படி வருகிறது என்பது நம்மில் பலருக்கும் மூடுமந்திரமாக இருக்கிறது. உண்மையில் அது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. விற்பனை விலையோடு நிதி நிறுவனத்தின் தொடக்கக் கட்டணத்தைக் கூட்டி, சலுகைகளைக் கழித்தால் வருவது அடக்கத் தொகை. குத்தகை முடிவில் வண்டிக்கு இருக்கும் என்று அவர்கள் கணித்து எழுதுவது எஞ்சிய மதிப்பு. டீலர்கள் ரெசிடுவல் என்பார்கள். முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழித்து மாதங்களால் வகுத்தால் தேய்மானப் பங்கு கிடைக்கும். இரண்டு தொகைகளையும் கூட்டி மணி ஃபேக்டர் என்ற சிறிய எண்ணால் பெருக்கினால் மாத வட்டிப் பங்கு கிடைக்கும். இரண்டு பங்குகளின் கூட்டலுக்கு மேல் மிச்சிகனில் 6 விழுக்காடு வரி. அந்த மணி ஃபேக்டரை 2,400ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான ஆண்டு வட்டி விகிதம் வந்துவிடும்.

அவர்களுடைய முதல் தாளை இப்படிப் பிரித்தேன். விற்பனை விலை 68,590, தொடக்கக் கட்டணம் 645, கழித்த சலுகை 7,500. ஆக அடக்கத் தொகை 61,735 டாலர். எஞ்சிய மதிப்பு 37,369 டாலர். வித்தியாசமான 24,366 டாலரை 36ஆல் வகுத்தால் 676.83. மணி ஃபேக்டர் எவ்வளவு என்று இருமுறை கேட்டும் நேரடியான விடை வரவில்லை. அதனால் ஒப்பந்த நகலைக் காட்டச் சொன்னேன். நுகர்வோர் குத்தகைக்கான கூட்டாட்சி விதிகளின்படி மணி ஃபேக்டரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் மொத்த வட்டிச் செலவை டாலரில் எழுதியாக வேண்டும். அது 8,919 டாலர் என்று இருந்தது. அதை 36ஆல் வகுத்து, பிறகு 61,735ஐயும் 37,369ஐயும் கூட்டிய 99,104ஆல் வகுத்தால் 0.0025, அதாவது ஆண்டுக்கு 6 விழுக்காடு. நிதி நிறுவனம் என் கடன் மதிப்பீட்டுக்கு அனுமதித்த அடிப்படை எண் 0.0020 என்பதை வேறொரு டீலரிடம் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். டீலர் இந்த எண்ணைச் சற்று உயர்த்தி, அந்த வித்தியாசத்தில் தன் பங்கைப் பெறுவது வழக்கமானது, சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் விலையைக் குறைத்ததாகச் சொல்லிவிட்டு இதில் ஏற்றிவிட்டால் வாடிக்கையாளர் கண்ணில் அது படாது.

இனி டெமோ வண்டிக்கே உரிய விஷயம். ஓடிவிட்ட 4,300 மைலும் எனக்கு என்ன செய்கிறது என்று கேட்டபோது விற்பனையாளர், "அதனால்தான் தள்ளுபடி கொடுக்கிறோம்" என்றார். எஞ்சிய மதிப்பு ஸ்டிக்கர் விலையில் 54 விழுக்காடு. அதாவது 38,659 டாலர் வர வேண்டும். தாளில் இருந்ததோ 37,369. குறைந்த 1,290 டாலர் ஓடிய மைல்களுக்காக நிதி நிறுவனம் மைலுக்கு 30 சென்ட் வீதம் கழித்தது. இந்தக் கழிவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில இடங்களில் முதல் சில நூறு மைல்களை விட்டுவிடுவார்கள். எப்படியாயினும் எஞ்சிய மதிப்பு குறைந்தால் தேய்மானம் கூடும், அதைக் கட்டுவது குத்தகைதாரர்தான். வட்டிப் பங்கு சற்றுக் குறைவதையும் கழித்துப் பார்த்தால், என் கணக்கில் அது வரிக்கு முன் மாதம் 33 டாலர், மூன்றாண்டுக்கு ஏறத்தாழ 1,200 டாலர். வேறு யாரோ ஓட்டிய மைல்களுக்கு நான் கட்டும் பணம் இது. ஆகவே விற்பனை விலையில் முதல் 1,200 டாலர் குறைப்பை எவரும் தள்ளுபடி என்று அழைக்கக் கூடாது.

அடுத்தது வாரண்டி. பேரத்தில் பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வாரண்டியின் கடிகாரம் நாம் கையெழுத்திடும் நாளில் ஓடத் தொடங்குவதில்லை. வண்டி டெமோவாகப் பயன்பாட்டுக்கு வந்ததாகப் பதிவான நாளில் தொடங்குகிறது. இந்த வண்டிக்கு அந்த நாள் 2024 மே மாதத்தில். ஃபோர்டின் முழு வண்டிக்கான வாரண்டி 3 ஆண்டு அல்லது 36,000 மைல், இரண்டில் எது முந்துகிறதோ அது. மைல் கணக்கில் நான் மயிரிழையில் தப்பினேன்: ஆண்டுக்கு 10,500 மைல் வீதம் மூன்றாண்டுக்கு 31,500, அதோடு 4,300 சேர்ந்தால் 35,800. ஆண்டுக்கு 12,000 மைல் திட்டத்தை எடுத்திருந்தால் குத்தகை முடியும் முன்பே எல்லையைத் தாண்டியிருப்பேன். ஆனால் நாள் கணக்கில் தப்ப வழியில்லை. வாரண்டி 2027 மே மாதத்தில் முடிகிறது, குத்தகை 2027 நவம்பரில்தான் முடிகிறது. இடைப்பட்ட ஆறு மாதம் திரையோ கதவுப் பூட்டோ சஸ்பென்ஷனோ பழுதானால் என் செலவு. மின்கலமும் மின்மோட்டார் உள்ளிட்ட மின்சார இயக்கப் பாகங்களும் 8 ஆண்டு அல்லது 100,000 மைல் வாரண்டியில் இருப்பதால் பெரிய அபாயம் இல்லை. ஆயினும் அந்த ஆறு மாத இடைவெளியை அடைக்கும் கூடுதல் வாரண்டிக்கு அவர்களே சொன்ன விலை 1,100 டாலர். இதுவும் அந்த வண்டியில் ஏற்கெனவே செலவாகிப்போன ஒன்று. 24 மாதக் குத்தகைக்கு விலை கேட்டுப் பார்த்தேன். அதில் வாரண்டி இடைவெளியே வராது, ஆனால் மாதத் தொகை நூறு டாலருக்கு மேல் கூடியதால் விட்டுவிட்டேன்.

மூன்றாவது, டயர். 6,000 பவுண்டுக்கு மேல் எடையும், மிதித்தவுடன் பாயும் விசையும் கொண்ட வண்டி டயரை வேகமாகத் தின்னும். குத்தகை முடிவில் டயரின் வரிப்பள்ளம் குறிப்பிட்ட ஆழத்துக்குக் குறைந்திருந்தால் நாம் பணம் கட்ட வேண்டும். இதற்கு 200 டாலர் என்று எழுதிக்கொண்டேன். மூன்றையும் கூட்டினால் 2,500 டாலர்.

இந்த எண் கையில் வந்த பிறகு பேரம் எளிதானது. பக்கத்துக் கவுண்டியில் வேறொரு டீலர், ஒரு மைல்கூட ஓடாத அதே மாடல் வண்டிக்கு 5,500 டாலர் குறைத்து எழுத்தில் விலை கொடுத்திருந்தார். அப்படியானால் டெமோ வண்டி அதற்குச் சமமாக நிற்கவே 8,000 டாலர் குறைய வேண்டும். நான் அதை விரும்பி எடுக்க வேண்டுமானால் அதற்கும் மேலே குறைய வேண்டும். 10,000 டாலர் குறைக்குமாறு மின்னஞ்சலில் கேட்டேன். கேட்டதற்கான காரணத்தை மூன்று வரியில் எழுதினேன்: மைல், வாரண்டி, டயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை. கோபமான சொல்லோ மிரட்டலோ எதுவும் இல்லை. மறுநாள் விற்பனையாளர் அன்றி விற்பனை மேலாளரே அழைத்தார். மைல் கழிவைப் பற்றி மறுபேச்சு இல்லை. வாரண்டி விஷயம் மட்டும் தாம் யோசிக்காதது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே மற்ற குறைகளைத் தாண்டி அவரோடு பேச்சைத் தொடர்ந்தேன்.

காலமும் எனக்குச் சாதகமாக இருந்தது. லைட்னிங் தேங்கியிருந்தது. ரூஜ் ஆலையின் மின்சார டிரக் உற்பத்தியை ஃபோர்டு 2024 ஏப்ரலிலேயே ஒரு ஷிஃப்டாகக் குறைத்திருந்தது. நவம்பர் நடுவிலிருந்து 2025 ஜனவரி 6 வரை உற்பத்தியை முழுமையாக நிறுத்திவைக்கப் போவதாகவும் அறிவித்திருந்தது. டீலர்கள் தங்கள் இடத்தில் நிற்கும் வண்டிகளைக் கடன் வாங்கித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். விற்காத ஒவ்வொரு மாதமும் அவர்களுக்கு வட்டி. டெமோவாக ஓடிய வண்டிக்கு அதோடு மதிப்பும் நாளுக்கு நாள் குறைகிறது. மாதக் கடைசியில் விற்பனை எண்ணிக்கையை முடிக்க வேண்டிய கட்டாயமும் சேர்ந்துகொள்கிறது. இவற்றையெல்லாம் அவர்களிடம் சொல்லிக்காட்டவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. என் பதிலை மாதக் கடைசி வாரம் வரை நிதானமாக எழுதினேன், அவ்வளவே.

முடிவில் 9,000 டாலர் குறைத்தார்கள். மணி ஃபேக்டரை 0.0020க்கு இறக்கினார்கள். கணக்கு இப்படி நின்றது: அடக்கத் தொகை 55,735, தேய்மானப் பங்கு மாதம் 510.17, வட்டிப் பங்கு 186.21, வரியோடு சேர்த்து 738.16 டாலர். முதல் தாளில் இருந்த 980 டாலரோடு ஒப்பிட்டால் மாதம் 242 டாலர் குறைவு, மூன்றாண்டுக்கு 8,700 டாலர். மணி ஃபேக்டர் மாற்றத்தால் மட்டும் கிடைத்தது மாதம் 46 டாலருக்கு மேல் என்பதைத் தனியே குறிப்பிட விரும்புகிறேன். விலையிலேயே கண்ணாக இருப்பவர்கள் அதை இழந்துவிடுகிறார்கள்.

முன்பணம் எதுவும் கட்டவில்லை. முதல் மாதத் தவணை, பதிவுக் கட்டணம், ஆவணக் கட்டணம் ஆகியவற்றோடு சரி. மூவாயிரம் டாலர் முன்பணம் கட்டினால் தவணை குறையும் என்று அன்றும் ஒருமுறை சொன்னார்கள். குத்தகை வண்டி இரண்டாம் மாதமே விபத்தில் முற்றிலும் நொறுங்கினால் காப்பீட்டுப் பணம் வண்டியின் உரிமையாளரான நிதி நிறுவனத்துக்குப் போகும். நாம் கட்டிய முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது. தவணை குறைந்ததுபோல் தோன்றுவதற்காக அந்த அபாயத்தை ஏற்பதில் பொருளில்லை.

கையெழுத்துக்கு முன் மூன்று செய்திகளை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். வண்டி இதுவரை யார் பெயரிலும் டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், பதிவாகவில்லை, டீலர் எண் பலகையில் மட்டுமே ஓடியது என்பது ஒன்று. டைட்டில் ஆகியிருந்தால் அது பழைய வண்டியாகக் கருதப்பட்டு, புதிய வண்டிக்கான குத்தகைத் திட்டமும் சலுகைகளும் கைநழுவிப் போகலாம். முன்பு ஓடிய 4,300 மைல் எனக்கு அனுமதித்த 31,500 மைலில் சேராது என்பது மற்றொன்று. வாரண்டி தொடங்கிய தேதி மூன்றாவது. இந்தத் தேதியைத் தேடி எடுக்க அவர்களுக்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது; அதுவரை பேனாவைத் தொடவில்லை.

வண்டியைக் கையளித்த விதத்தில் எனக்கு நிறைவில்லை. ஸ்டிக்கரில் எழுதியிருந்த கையடக்க சார்ஜர் வண்டியில் இல்லை. விற்பனையகத்தின் வேறொரு வண்டியில் போயிருந்தது. இரண்டாவது சாவியும் இல்லை. இரண்டையும் தர ஒன்பது நாள் ஆயிற்று. அதைவிட வருத்தம் தந்தது, முந்தைய ஓட்டுநரின் கைபேசிச் சாவி வண்டியின் கணினியில் நீக்கப்படாமல் இருந்ததுதான். என் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை வேறொருவர் தம் கைபேசியால் திறக்கக்கூடிய நிலை ஒரு வாரம் நீடித்தது என்பதை எண்ணும்போது இப்போதும் மனம் கலங்குகிறது. டெமோ வண்டி எடுப்பவர்கள் வாசலைத் தாண்டும் முன்பே திரையில் முழு மீட்டமைப்பைத் தம் கையால் செய்துகொள்ள வேண்டும். வலப்புறப் பின்சக்கர விளிம்பில் நடைபாதைக் கல்லில் உரசிய கீறல் ஒன்றும் இருந்தது. நான்கு சக்கரங்களையும் உட்புறத்தையும் படம் பிடித்து, அன்றே மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதிலும் வாங்கினேன். மூன்றாண்டுக்குப் பிறகு ஆய்வுக்கு வருபவர் அந்தக் கீறலை என் கணக்கில் எழுதக் கூடாது அல்லவா?

மின்கலத்தைப் பற்றி என் மனைவிக்குத்தான் கவலை அதிகம். டெமோ வண்டியை நாள் முழுவதும் விரைவு மின்னேற்றத்தில் போட்டிருப்பார்களோ, எப்போதும் நூறு விழுக்காட்டில் நிறுத்தியிருப்பார்களோ என்று கேட்டார். நியாயமான கேள்வி. சேவைப் பிரிவில் அவர்கள் எப்படி ஏற்றினார்கள் என்று விசாரித்தேன். பெரும்பாலும் சாதாரண மின்னேற்றிதான் என்றார்கள். ஒரு நாள் இரவு முழுக்க ஏற்றிவைக்கச் சொல்லி, காலையில் போய் ஓட்டிப் பார்த்தேன். திரையில் தெரியும் தூரம் அண்மையில் ஓட்டிய விதத்தைப் பொறுத்து மாறுவதால் அதை மட்டும் நம்பாமல், 40 மைல் ஓட்டி, குறைந்த விழுக்காட்டோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. இன்றுவரை குறை தெரியவில்லை. வீட்டில் ஃபோர்டு பரிந்துரைப்பதுபோல் அன்றாடம் 90 விழுக்காட்டோடு நிறுத்திவிடுகிறேன்.

வண்டியைப் பொறுத்தவரை எனக்கு மனநிறைவுதான். 131 கிலோவாட் மணி மின்கலம், அரசு மதிப்பீட்டில் 320 மைல். கோடையில் ஊருக்குள் ஓட்டும்போது அந்த எண்ணை ஒட்டியே கிடைக்கிறது. மிச்சிகன் ஜனவரியில், வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரி இருக்கும்போது, நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் போனால் 210 மைல் என்று வைத்துக்கொள்ள வேண்டும். 2024 மாடலிலிருந்து, குறைந்த மின்சாரத்தில் வண்டியைச் சூடாக்கும் வெப்பப் பம்பு வந்திருக்கிறது. அது இல்லாத 2023 மாடல் டெமோ வண்டி மலிவாகக் கிடைத்தால், குளிர் ஊரில் இருப்பவர்கள் அந்த வித்தியாசத்தையும் விலையில் கேட்க வேண்டும். ஓக் பலகைகள் ஏற்றிய டிரெய்லரை இழுத்துப் போனால் தூரம் பாதியாகிவிடுகிறது. என் பயணங்கள் குறுகியவை என்பதால் அது என்னைப் பாதிக்கவில்லை; வாராவாரம் வெளியூருக்கு டிரெய்லர் இழுப்பவர்களுக்கு இந்த வண்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். முன்புறத்தில் என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் உள்ள 400 லிட்டர் பெட்டி, மழையில் கருவிகளை நனையாமல் கொண்டுபோக அவ்வளவு உதவுகிறது. டெஸ்லாவின் விரைவு மின்னேற்ற நிலையங்களான சூப்பர்சார்ஜர்கள் 2024 பிப்ரவரி இறுதியில் ஃபோர்டு வண்டிகளுக்குத் திறக்கப்பட்டதால், அடாப்டர் இருந்தால் தொலைதூரப் பயணத்தில் இருந்த பதற்றமும் பெருமளவு தணிந்துவிட்டது.

இப்போது இதே பேரத்தில் இறங்குபவர்களுக்கு நிலைமை மாறியிருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, 2025 செப்டம்பர் 30க்குப் பிறகு பெறப்படும் மின்சார வண்டிகளுக்குக் கூட்டாட்சிச் சலுகை இல்லை. குத்தகை வழியாக வந்த 7,500 டாலரும் அதோடு போயிற்று. 2025 டிசம்பரில் ஃபோர்டு, முழு மின்சார லைட்னிங்கின் உற்பத்தியை முடித்துக்கொள்வதாகவும், அடுத்த தலைமுறை லைட்னிங் மின்னாக்கி என்ஜின் ஒன்றையும் தாங்கி வரும் என்றும் அறிவித்தது. ஆகவே டீலர்களிடம் மிஞ்சி நிற்கும் டெமோ வண்டிகளுக்குப் பின்னால் புதிய முழு மின்சார லைட்னிங் வரப்போவதில்லை. எஞ்சிய மதிப்பை நிதி நிறுவனங்கள் இனி எப்படிக் கணிக்கும் என்பதே பேரத்தின் மையமாகிவிடும். அந்த விழுக்காடு குறைவாக எழுதப்பட்டால், எவ்வளவு பெரிய தள்ளுபடியும் தவணையில் தெரியாது.

கேன்டனில் இருக்கும் என் நண்பர் ஒருவர் அதே விற்பனையகத்தில் நிற்கும் வேறொரு டெமோ லைட்னிங்கைப் பார்த்துவிட்டு வந்து, எனக்குக் கிடைத்த 738 டாலர் தவணை தமக்கும் கிடைக்குமா என்று கேட்டார். சலுகை இல்லாததால் மட்டும் வரியோடு மாதம் 237 டாலர் கூடும். மற்ற எண்கள் எல்லாம் அப்படியே இருந்தால், அதை ஈடுகட்ட விற்பனை விலை 55,090 டாலருக்கு, அதாவது ஸ்டிக்கரிலிருந்து 16,500 டாலர் கீழே வர வேண்டும். அவர் பார்த்த வண்டி 6,000 மைல் ஓடியது; வாரண்டி தொடங்கிய தேதியை அவர் இன்னும் கேட்கவில்லை. வரும் வியாழக்கிழமை மாலை நானும் உடன் போகிறேன். முதலில் அந்தத் தேதியைத்தான் கேட்கப் போகிறோம்.